கடையில் கிடைக்கிற பூச்சியை ஏன் கையால் கட்டுகிறார்கள்?

முள்ளில் இறகும் உரோமமும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை இரையாக வீசி மீன் பிடிப்பது ஃபிளை ஃபிஷிங். அதில் பழகியவர்களிடம், "எதற்கு நீங்களே உட்கார்ந்து பூச்சி கட்டுகிறீர்கள்?" என்று கேட்டால், காசு மிச்சம் என்று சொல்பவர்கள் நிறைய. அதை நம்ப வேண்டாம். ஒரு பூச்சிக்கு ஆகும் தூண்டில் முள், நூல், இறகு ஆகியவற்றை மட்டும் கணக்குப் போட்டால் கடை விலையில் சின்னப் பங்குதான் வரும், அது உண்மை. ஆனால் ஒரு பூச்சிக்கு வேண்டிய இறகை மட்டும் யாரும் வாங்குவதில்லை. சேவலின் கழுத்துத் தோலை இறகோடு முழுசாக வாங்குவார்கள். பழுப்பு வாங்கினால் சாம்பல் இல்லாமல் முடியாது, சாம்பல் வந்தால் புள்ளி போட்டது வேண்டும். அப்புறம் முயல் தோல், மான் மயிர், மயில் பீலி, நாலு நிறத்தில் செப்புக் கம்பி. முதலில் ஓர் இழுப்பறை நிறையும், பிறகு அலமாரியே நிறையும். காசு மிச்சம் என்ற பதில் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லத்தான் உதவும்.

கடைப் பூச்சி மட்டமானது என்று சொல்லவும் வழியில்லை. கடைக்கு வரும் பூச்சிகளில் பெரும்பகுதி கென்யா, இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் தொழிலாகக் கட்டுபவர்களின் கையால் ஆனவை. ஒரே மாதிரியை டஜன் டஜனாக, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் கட்டுகிற அந்தக் கைப்பழக்கம், ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் உட்காருகிறவருக்கு லேசில் வராது. ஆக, விலையும் காரணமில்லை, நேர்த்தியும் காரணமில்லை. பிறகு எதற்கு இந்தப் பாடு? அதுவும் மரக்கிளையில் சிக்கியோ பாறையில் மாட்டியோ மீனின் பல்லில் பிய்ந்தோ சீக்கிரமே போய்விடப்போகிற ஒரு பொருளுக்கு?

இதற்குப் பதில் தேட, இந்தப் பூச்சி என்னதான் செய்கிறது என்று பார்க்க வேண்டும். சாதாரணத் தூண்டிலில் கனம் நுனியில் இருக்கும். ஈயக்குண்டை வீசினால் அது நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். கனம் முழுவதும் பூச்சுப் போட்ட தடித்த கயிற்றில் இருக்கிறது. கழியை முன்னும் பின்னும் வீசும்போது அந்தக் கயிறு காற்றில் வளைந்து விரிந்து போகிறது. அதன் முனையில் மெல்லிய நரம்பில் கட்டிய பொய்ப்பூச்சி சும்மா கூடப் போகிறது, அவ்வளவுதான். தூரம் போவதற்குப் பூச்சிக்கு எடையே தேவையில்லை. அதனால்தான் காற்றில் ஊதினால் பறக்கிற இறகையும் உரோமத்தையும் கொண்டு தூண்டில் இரை செய்ய முடிகிறது.

இந்த வேலை எப்படித் தொடங்கியது என்பதற்கு ரோமானிய எழுத்தாளர் ஏலியன் ஒரு காரணம் தருகிறார். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய குறிப்பு, மாசிடோனியாவில் ஓடிய அஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றைப் பற்றியது. அங்கே புள்ளி போட்ட மீன்கள் நீர்மேல் வந்து ஒருவகைப் பூச்சியைத் தின்னும். அந்தப் பூச்சியைப் பிடித்து முள்ளில் குத்தலாம் என்றால், மனிதர் கை பட்டதும் அதன் நிறம் மங்கி இறக்கை வாடிவிடும், மீன் சீண்டாது. எனவே அங்கிருந்தவர்கள் முள்ளின் மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகு இரண்டை வைத்துக் கட்டினார்களாம். உண்மையான பூச்சி கைக்கு உதவாததால் பொய்ப்பூச்சி பிறந்தது என்கிறார். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று 12 பொய்ப்பூச்சிகளை எந்த மாதத்துக்கு எது என்ற குறிப்போடு பட்டியலிடுகிறது. எந்த மாதத்துக்கு எது என்ற அந்தக் கேள்வி இன்றும் ஓயவில்லை.

ஓயாததற்குக் காரணம், ஃபிளை ஃபிஷிங்கில் பெரும்பாலும் தேடப்படும் ஆற்று மீனான டிரவுட்டின் சாப்பாடு. அது தின்னும் பூச்சிகளில் முக்கியமானது மேஃபிளை. வாழ்நாளில் பெரும்பகுதியை, பல இனங்களில் ஏறத்தாழ ஓராண்டை, ஆற்றின் அடியில் கல்லிடுக்கில் இளம்பூச்சியாகக் கழிக்கிறது. பிறகு ஒரு நாள் நீர்மேல் எழும்பி, தோல் உரித்து, மங்கலான இறக்கையோடு வெளியே வருகிறது. கரையிலுள்ள செடிக்குப் பறந்துபோய் இன்னொரு முறை தோல் உரிக்கிறது. பறக்கும் இறக்கை வந்த பிறகும் தோல் உரிக்கிற பூச்சியினம் இது ஒன்றுதான். அதற்குப் பிறகு அதற்குத் தின்பதற்கு வாயே வேலை செய்யாது. கூடுகிறது, முட்டையிடுகிறது, சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் இறக்கை விரித்தபடி நீரில் விழுந்து செத்துப்போகிறது.

இத்தனை கட்டங்களில் எந்தக் கட்டத்தில் இருப்பதை மீன் இப்போது தின்கிறது? அதில்தான் விஷயம் இருக்கிறது. நிறைய பூச்சிகள் ஒரே நேரத்தில் கிளம்பும்போது டிரவுட் பிடிவாதக்காரனாகிவிடும். நீரின் தோலை உடைத்து வெளியே வரத் திணறுகிறவற்றை மட்டும் தின்னும், மேலே மிதப்பவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அல்லது நேர்மாறாக நடக்கும். கடை, எல்லா ஆற்றுக்கும் எல்லா வாரத்துக்கும் சேர்த்துச் சராசரியான ஒரு பூச்சியை விற்கிறது. ஆற்றில் இன்று மாலை நடப்பது சராசரி இல்லை. அந்தப் பூச்சியின் வயிறு கொஞ்சம் ஆலிவ் பச்சையாக இருக்கலாம், ஓர் அளவு சின்னதாக இருக்கலாம், பாதி மூழ்கியபடி வரலாம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் கையால் கட்டுகிறவர் உட்காருகிறார்.

எனக்குத் தெரிந்தவரை இந்தச் சுகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கட்டுகிறவர் ஒரு ஊகத்தைக் கட்டுகிறார். "மீன் நிறத்தைப் பார்க்கவில்லை, அது மிதக்கிற கோணத்தைப் பார்க்கிறது" என்று ஓர் எண்ணம் வருகிறது. அதை வாயால் சொல்லி யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. அடியில் வரும் இறகிழைகளைக் கத்தரித்துவிட்டால் பூச்சி தாழ்ந்து மிதக்கும். மறுநாள் ஆற்றில் போட்டால் பதில் வந்துவிடும், அதுவும் முகதாட்சணியம் பார்க்காத ஓர் உயிரிடமிருந்து. வாங்கின பூச்சியில் மீன் மாட்டினாலும் சந்தோஷம்தான். ஆனால் அங்கே மீன் ஒப்புக்கொண்டது வேறு யாரோ போட்ட கணக்கை.

ஒரு பூச்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியின் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் வேலையில் வாழ்நாளைக் கழித்தவர் ஃபிராங்க் சாயர். நாள் முழுவதும் ஆற்றங்கரையில் நின்றவர் என்பதால் இளம்பூச்சிகள் நீந்துவதைச் சலிக்காமல் பார்த்திருக்கிறார். நீந்தும்போது அவை கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்கின்றன என்று கவனித்தார். அப்படியானால் பொய்ப்பூச்சிக்குக் கால் எதற்கு? மற்றவர்கள் எல்லாம் கழுத்து இறகைச் சுற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் காலை அடியோடு விட்டுவிட்டார். நூலையும் விட்டுவிட்டார். தலைமுடி அளவுக்கு மெல்லிய செப்புக் கம்பி ஒன்று, ஆண் ஃபெசன்ட் பறவையின் வால் இறகிலிருந்து நான்கு இழை. இந்த இரண்டே பொருள்.

முதலில் முள்ளின் தண்டில் கம்பியைச் சுற்றி, மார்பு வரவேண்டிய இடத்தில் இன்னும் சில சுற்றுப் போட்டு மேடாக்க வேண்டும். நான்கு இழைகளின் நுனியைப் பின்பக்கம் சில மில்லிமீட்டர் நீட்டிவிட்டுக் கட்டினால் அது வால். மீதி இழையைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி, முன்னால் முள்ளின் கண் வரைக்கும், அதாவது நரம்பு கோக்கும் துளை வரைக்கும், சுற்றிக்கொண்டே வந்தால் அது உடம்பு. கம்பி இழைக்குள் இழையாகப் போவதால் உடம்பில் மெல்லிய செப்புக் கோடு மின்னும், மீனின் பல்லுக்கும் சீக்கிரம் பிய்யாது. கண்ணருகே வந்ததும் இழையையும் கம்பியையும் பிரித்து, இழையை மார்பு மேட்டின் மேல் பின்னுக்கு ஒரு மடிப்பு, முன்னுக்கு ஒரு மடிப்பு என்று மடித்துக் கட்டினால், வெளிவரக் காத்திருக்கும் இறக்கையின் கறுத்த மூட்டை தயார். பூச்சியை அடியில் இறக்கும் எடையும் செம்புதான், கட்டும் நூலும் செம்புதான், நிறமும் செம்புதான். 1958-இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. கையில் வைத்துப் பார்த்தால் எந்தப் பூச்சி மாதிரியும் இருக்காது. நீருக்குள் ஐந்தாறு பூச்சி மாதிரி இருக்கும். எதை விடுவது என்பதுதான் சாயரின் கெட்டிக்காரத்தனம். அதைத் தன் கையால் ஒருமுறை கட்டிப் பார்த்தவருக்கு, அவர் என்ன நினைத்தார் என்பது புத்தகம் படித்ததைவிடத் தெளிவாகப் புரியும்.

எல்லோரும் இப்படிச் சிக்கனமாக நினைத்ததில்லை. சாயருக்கு முந்திய தலைமுறைகளில் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட், நீர்மேல் மிதக்கும் பூச்சிதான் உயர்ந்தது, அதுவும் அசலை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்ற கட்சி. 1886-இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அதை எதிர்த்தவர் ஸ்கியூஸ் என்ற வழக்கறிஞர். மீன் பெரும்பாலும் நீருக்குள்தானே தின்கிறது என்பது அவர் வாதம், 1910-இல் அவரும் ஒரு நூல் போட்டார். வழக்கறிஞர் அல்லவா, சாட்சியம் வேண்டும். எலும்பு மஜ்ஜையைச் சுரண்டும் ஒடுக்கமான கரண்டியை, பிடித்த மீனின் தொண்டை வழியே இறக்கி, வயிற்றில் இருந்ததை எடுத்து வெள்ளைத் தட்டில் நீர் விட்டுப் பரப்பிப் பார்ப்பார். அதைப் பார்த்துத்தான் பூச்சி கட்டுவார். இரண்டு கட்சிக்கும் இடையே நடந்த சண்டை வெளியாளுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இருவரும் தங்கள் கட்சியை, முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் என்ற கருவியின் முன் உட்கார்ந்து கட்டித்தான் நிரூபிக்கப் பார்த்தார்கள்.

இந்தப் பழக்கம் வந்தவர்களின் கண் மாறிவிடுகிறது. ஆற்றுக்குப் போனதும் கழியைத் தொடுவதற்கு முன் ஒரு கல்லைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார்கள். பாலத்து விளக்கடியில் சிலந்தி வலையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். மீன் கிடைக்காத நாள்கூட அவர்களுக்கு வீண் நாள் ஆவதில்லை, கட்டவேண்டியது ஒன்று கிடைத்துவிடும்.

சரி, ஊகம் மட்டும்தான் என்றால் அது மூளைக்காரர்களின் விளையாட்டாகப் போயிருக்கும். கைக்குக் கிடைக்கும் சுகம் வேறு. தொடக்கக்காரர் எல்லோரும் செய்கிற ஒரு பிழை உண்டு: கண்ணுக்குப் பின்னால் இடம் விடாமல் முன்னால் வரை கட்டிவிடுவது. கடைசியில் முடிச்சுப் போட இடமிருக்காது, நரம்பு கோக்கும் கண்ணே அடைந்துபோகும். இரண்டு மில்லிமீட்டர் இடத்தை முன்கூட்டியே யோசித்து வைக்கப் பழகுவதற்கே சில மாதம் ஆகும். முள்ளின் அளவில் எண் கூடக் கூட முள் சிறுக்கும். 14-ஆம் எண் முள்ளின் தண்டு ஒரு சென்டிமீட்டர்கூட வராது, 24 என்றால் அதில் பாதி. அவ்வளவு இடத்தில் வால், உடம்பு, இறக்கை, கால், தலை எல்லாம் வரிசையாக நிற்க வேண்டும்.

மான் மயிரைக் கட்டிப் பார்த்தவர்கள் அந்த நொடியை மறக்கமாட்டார்கள். மானின் உடம்பு மயிருக்குள் காற்றறைகள் இருக்கின்றன, அதனால்தான் அது மிதக்கும். ஒரு சிட்டிகை மயிரை எடுத்து, அடியிலிருக்கும் மெத்தென்ற குட்டை உரோமத்தைச் சீவித் தள்ளிவிட்டு, முள்ளின் தண்டின்மேல் வைத்து நூலை இரண்டு சுற்றுத் தொளதொளவென்று போட வேண்டும். பிறகு நூலை மெதுவாக இறுக்கினால், அழுத்தம் பட்ட இடத்தில் மயிர் நசுங்கி இரண்டு பக்கமும் விரைத்து எழும்பும். விரலை விட்டால் கொத்து முழுவதும் தண்டைச் சுற்றிச் சுழன்று பந்தாகும். இறுக்கம் போதாவிட்டால் கொத்து வழுக்கிப்போகும், கொஞ்சம் மிஞ்சினால் நூல் பட்டென்று அறுந்து எல்லாம் மேசைமேல் சிதறும். அறுவதற்கு ஒரு நூலிழை முன்னால் நிறுத்தத் தெரிவதுதான் வித்தை. அது விரலுக்கு மட்டும் தெரிகிற அளவு, எந்தப் புத்தகமும் எழுதிக் கொடுக்க முடியாது. பந்தான மயிரைக் கத்தரியால் வடிவம் வெட்டினால் தலை வந்துவிடும். ஒரு மாலைக்குள் தொடங்கி முடித்து, கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்கக்கூடிய வேலைகள் இந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கின்றன?

போரில் காயமடைந்து வந்த வீரர்களுக்காக 2005-இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் தொடங்கிய புராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ் அமைப்பு, மீன்பிடிப்போடு பூச்சி கட்டவும் கற்றுக்கொடுக்கிறது. விரலுக்கு நுண்வேலை, மனசுக்கு ஒரே இடத்தில் நிலைக்க ஒரு காரணம் என்று பார்த்தால், பொருத்தமான தேர்வுதான். குளிர்காலத்தில் ஆறு மூடிக்கிடக்கும் நாடுகளில் சாதாரண ஆட்களுக்கும் இதே உபயோகம் உண்டு.

பொருள் சேர்க்கும் ஆசை இந்தச் சுகத்தின் இன்னொரு பக்கம், கொஞ்சம் இருண்ட பக்கமும்கூட. டிரவுட் பூச்சிக்கு வேண்டிய விரைப்பான, நீளமான இறகுக்காகவே அமெரிக்காவில் சேவல்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். அந்தச் சேவலின் முதுகிறகு ஒன்றில் பல பூச்சி கட்டலாம். 2011-இல் அதே நீள இறகுகளைத் தலைமுடியில் வைத்துக்கொள்வது பெண்களிடையே மோகமாகி, அழகு நிலையங்கள் வாங்கிக் குவித்தன. விலை எங்கேயோ போனது, மீன்பிடிக் கடைகளில் அலமாரி காலியானது. தூண்டில்காரர்கள் அன்று புலம்பிய புலம்பல் கொஞ்சநஞ்சமில்லை.

சால்மன் மீனுக்காகக் கட்டும் பூச்சியின் கதை இன்னும் தூரம் போகிறது. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும் அட்லாண்டிக் சால்மன் இரை தின்பதை நிறுத்திவிடும். அப்படியிருந்தும் சில சமயம் பூச்சியைக் கவ்வும், ஏன் என்று இன்றுவரை வாதம்தான். நகலெடுக்க அசல் இல்லாதபோது மனிதனின் ரசனைக்குக் கடிவாளம் ஏது? 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் தென்னமெரிக்கக் கோட்டிங்கா, டூக்கான், இந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி என்று உலகத்துப் பறவைகளின் இறகெல்லாம் ஒரே முள்ளில் ஏறின. 1895-இல் ஜார்ஜ் கெல்சன் எழுதிய நூல் அதற்கெல்லாம் செய்முறை வகுத்தது. அந்தச் செய்முறையை இன்றும் அசல் இறகோடு கட்ட வேண்டும் என்ற வெறி சிலருக்கு உண்டு. 2009-இல் லண்டனில் இசை படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க இளைஞர், ட்ரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்துப் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். அவற்றில் 19-ஆம் நூற்றாண்டு இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் இருந்தன. பல தோல்களிலிருந்து எப்போது, எங்கே பிடித்தது என்ற சீட்டு அறுக்கப்பட்டுவிட்டது, அதோடு அவற்றின் அறிவியல் மதிப்பும் போனது. சாயம் போட்ட கோழி இறகும் வான்கோழி இறகும் கிட்டத்தட்ட அதே தோற்றத்தைத் தரும். மீனுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்ததெல்லாம் கட்டுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும்தான்.

இதற்கு நேர் எதிர்முனையில் மேகன் பாய்டு இருக்கிறார். 1915-இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் புரோரா ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடிசையில், மின்சாரம்கூட இல்லாமல் பல பத்தாண்டுகள் சால்மன் பூச்சி கட்டியே வாழ்ந்தார். சிறுமியாக இருந்தபோது பக்கத்தில் இருந்த ஒருவர், கட்டிய பூச்சியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து அதைவிடச் சின்ன முள்ளில் திரும்பக் கட்டச் சொல்லிக் கற்றுக்கொடுத்தாராம். அவர் பூச்சிக்கு அப்போது இளவரசராக இருந்த சார்லஸும் வாடிக்கையாளர். 1971-இல் பிரிட்டிஷ் எம்பயர் பதக்கம் அறிவித்தபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அரண்மனைக்குப் போகவில்லை. இத்தனைக்கும் அவர் மீன் பிடிக்கிறவர் இல்லை. மீனைக் கொல்வதில் அவருக்கு விருப்பமே இருந்ததில்லை.

அவரை வைத்துப் பார்த்தால், மீன் தரும் பதிலுக்காகத்தான் கட்டுகிறார்கள் என்று மேலே நான் சொன்னதில் ஓட்டை விழுகிறது. விழட்டும். கை வேலையின் சுகம் மட்டுமே ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கப் போதுமாக இருந்திருக்கிறது. ஆனால் தூண்டிலோடு ஆற்றுக்குப் போகிற பெரும்பாலோருக்கு இரண்டும் வேண்டும், கட்டிய கை மீனின் இழுப்பையும் உணர வேண்டும்.

இதைவிடப் பலமான மறுப்பு ஜப்பானிலிருந்து வருகிறது. மலையோடைகளில் சக்கரம் இல்லாத நீளக் கழியால் பிடிக்கும் டென்காரா முறையில், பூச்சியை மாற்றிக்கொண்டே இருப்பதில் பலருக்கு நம்பிக்கை கிடையாது. அந்த முறையை 2009-இல் அமெரிக்காவுக்கு வந்து விளக்கிக் காட்டிய ஹிசாவோ இஷிகாகி, எல்லா ஓடைக்கும் எல்லாப் பருவத்துக்கும் ஒரே மாதிரிப் பூச்சிதான் போடுவார். நூலால் ஒரு உடம்பு, ஒரே ஒரு சேவல் இறகு. மீன் பிடிப்பது வீசுகிற விதம், ஓட விடுகிற விதம் ஆகியவற்றில் இருக்கிறது, பூச்சியில் இல்லை என்பது அவர் பக்கம். அவர் பிடிக்கும் மீனைப் பார்த்தால் மறுக்க வழியில்லை. பெட்டி நிறையக் கட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் சங்கடப்படுவார்கள், பிறகு தலையை ஆட்டிவிட்டு அந்த ஒன்றையும் கட்டிப் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். இறகை எத்தனை சுற்றுச் சுற்றுவது, இழை முன்னால் சாய வேண்டுமா பின்னால் சாய வேண்டுமா என்பதில் மட்டும் அவர்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.